தொண்ணூற்றாறு வாட்டங்கள்

அமைச்சரின் வலது மணிக்கட்டில் நலக் காப்பைப் பூட்டிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு நாளும் அவர் இடது கையால்தான் இட்லி தின்றார்.

யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அவரே ஆறு கேமராக்களுக்கு முன்னால் மேடையில் நின்று, "கீழ்மாம்பேடு ஏழாம் பிளாக்கில் ஒரே ஒரு குடிமகன் வாடினாலும் இந்தக் காப்பு என் கையை இறுக்கும். அவன் வாட்டம் தீரும்வரை தளராது. ஆட்சி முடியும்வரை இதை யாராலும் கழற்றவும் முடியாது" என்று முழங்கிவிட்டுக் கையை நீட்டினார். கைதட்டல் அடங்குவதற்கு முன்பே காப்பு இறுகிவிட்டது. அதற்குப் பிறகு தளரவே இல்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அதைத் தட்டிவிடத் தும்பிக்கை இருக்கிறது.

விஷயம் இதுதான். ஏழாம் பிளாக்கில் வீட்டுக்கு ஒருவர் என்று காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு மணியை ஒட்டியிருந்தார்கள். வாட்டமானி என்று பெயர். வியர்வையையும் நாடியையும் வைத்து ஆள் கஷ்டத்தில் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடும். கஷ்டம் என்றால் மணி சிவக்கும், அமைச்சர் கையில் காப்பு இறுகும். இடையில் மனு, முத்திரை, மேஜை, "நாளைக்கு வாங்க" எதுவும் கிடையாது. திட்டத்தைத் தீட்டியவர்கள் நல்லவர்கள்தான். ஏழாம் பிளாக்கில் எத்தனை பேர் எத்தனை வருஷமாகக் கஷ்டப்படுகிறார்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

செண்பகவல்லிக்குத் தெரியும். அவள் கோவில்பட்டிக்காரி. துறையில் ஒப்பந்தப் பொறியாளர். மணியையும் காப்பையும் செய்தவர்கள் வேறு. எந்தக் கம்பியில் எந்த உணரி தொங்குகிறது, அது எப்போது குறுக்கே கூப்பிடும் என்று இயந்திரத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் நாற்பது வரிக் கோப்பு ஒன்று உண்டு. தொழிலில் இருப்பவர்கள் அதை டிவைஸ் ட்ரீ என்பார்கள். அதில் எதை எழுதலாம், எப்படி எழுதலாம் என்று விதிக்கும் இன்னொரு கோப்புக்கு பைண்டிங் என்று பெயர். இரண்டும் அவள் எழுதியவை. பைண்டிங்கை யாரும் முழுக்கப் படித்தது கிடையாது. கடைசியில் மாதிரிக்கு என்று நாலு வரி இருக்கும், அதை அப்படியே நகலெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம்.

சோதனைக்கு ஏழாம் பிளாக்கைச் சிபாரிசு செய்ததும் அவள்தான். அதில் கொஞ்சம் சுயநலம் இருந்தது. எட்டாவது மாடியில் அவளுடைய அக்கா பேச்சிக்கனி இருந்தாள். அக்காவின் புருஷன் அய்யாத்துரை அங்கிருந்து கீழே இறங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. கோயம்பேட்டில் மூட்டை தூக்கியவர். லாரியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு நொறுங்கியது. சமதரையில் கம்பு ஊன்றி நடப்பார், படி மட்டும் முடியாது. குடியேறிய மூன்றாம் மாதமே லிஃப்ட் நின்றுவிட்டது. ஆள் வேறு நூற்றுப் பத்து கிலோ. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு தேர்தலுக்குக் கட்சிக்காரர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனதுதான் கடைசி. ஓட்டுப் போட்டு முடித்ததும் நாற்காலி இருந்தது, தூக்கியவர்களைக் காணோம். சாயங்காலம் வரை பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தார். அடுத்த தேர்தலுக்கு வந்தவர்களை, "எனக்கு ஜனநாயகமே வேண்டாம், போங்கடே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்தப் பதினோரு நாளில் அங்கே அதிசயங்கள் நடந்தன. குழாயில் தண்ணீர் வந்தது. சாக்கடை அடைப்பு நீங்கியது. ரேஷன் கடைத் தராசு முதல்முறையாக உண்மை பேசியது. காப்பு இன்னும் தளராததால் அதிகாரிகள் வேறு என்ன பாக்கி என்று மாடி மாடியாகத் தேடி, கடைசியில் லிஃப்ட்டைக் கண்டுபிடித்தார்கள். வியாழக்கிழமை மெக்கானிக் வருவதாக முடிவானது.

புதன்கிழமை காலை செயலர் திருவேங்கடநாதன் வல்லியைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாங்கம்மா, உக்காருங்க. மினிஸ்டர் கையப் பாத்தீங்களா?"

"டிவியில பாத்தேன் சார்."

"ஒவ்வொரு வெரலும் கத்திரிக்கா மாதிரி ஆயிடுச்சு. பேனா புடிக்க முடியல. பதினோரு நாளா ஒரு ஃபைல் நகரல. இது ஏம்மா விடவே மாட்டேங்குது?"

"அது லெவல்ல இருக்கு சார். இன்டரப்ட், அதாவது குறுக்கே கூப்பிடறதுல, ரெண்டு தினுசு உண்டு. லெவல்னா கைக்குழந்தை அழற மாதிரி. தூக்குற வரைக்கும் நிறுத்தாது. இன்னொண்ணு எட்ஜ். கடைக் கதவுல மணி கட்டியிருப்பாங்களே, அந்த மாதிரி. கதவு தெறக்குற நேரம் ஒரு தடவை டிங்குன்னு அடிக்கும், அவ்வளவுதான்."

"கதவு தெறந்தே கெடந்தா?"

"அடிக்காது சார்."

செயலரின் முகத்தில் பதினோரு நாளாக இல்லாத களை வந்தது. "எட்ஜ்..." என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வல்லி அவசரமாகச் சொன்னாள். "ஆனா சார், எட்ஜ் வெச்சா புதுசா கஷ்டம் வர்றவங்கதான் தெரிவாங்க. ஏற்கெனவே கஷ்டத்துல கெடக்குறவங்க கதவு தெறந்தே கெடக்குது. அவங்களுக்கு மணி அடிக்கவே அடிக்காது. இது பெரிய கொள்கை முடிவு. சட்டசபைக்குப் போகணும்."

"இருங்க இருங்க." செயலர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பைண்டிங்கின் முதல் பக்கம். "இது நீங்க எழுதினதுதானே? 'இக்கோப்பு வன்பொருளை மட்டுமே விவரிக்கும். கொள்கை எதையும் கூறாது.'"

"ஆமா சார். உலகம் பூரா அதான் வழக்கம்."

"அப்ப இதுக்குள்ள எதை மாத்தினாலும் அது கொள்கை கெடையாது. வன்பொருள் விவரம்!" செயலர் நாற்காலியில் சாய்ந்தார். முப்பது வருஷ அனுபவம் சும்மா போகாது. "தலைப்பு எழுதிக்குங்க. 'வன்பொருள் விவரப் பிழை திருத்தம்.' இந்தத் தலைப்புல எது வந்தாலும் சட்டசபை வேணாம், நிதித்துறை வேணாம், ஃபைலைத் துறை துறையா சுத்துக்கு விட வேணாம். நான் ஒருத்தன் கையெழுத்து போட்டா போதும். இப்பவே அதுக்கு ஒரு ஆர்டர் போட்டுடறேன்."

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்கலாமா சார்? ஒரே ஒரு நாள்."

"மினிஸ்டர் வெரலு பொறுக்காதும்மா. உங்க கான்ட்ராக்ட் மார்ச்சுல முடியுதில்ல? புதுப்பிக்கிற ஃபைலும் அவர் மேஜையிலதான் நகராம கெடக்கு."

வல்லி எழுந்து போய் ஒரே ஒரு வார்த்தையை மாற்றினாள். தப்பு என்று தெரியும். ஆனாலும் மாற்றினாள். அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

பதினொன்று நாற்பதுக்கு அமைச்சரின் காப்பு தளர்ந்தது. அவர் வலது கையால் ஒரு முழு இட்லியைப் பிட்டுத் தின்று அழுதார் என்று அவருடைய உதவியாளர் சொன்னார். பதினொன்று ஐம்பதுக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் வேலை உத்தரவு ரத்தானது. காரணம் என்ற இடத்தில் 'வாட்டம் ஏதும் பதிவாகவில்லை' என்று இருந்தது.

*

அந்த வெற்றியைத் தொடர்ந்து திட்டத்தை மாநிலம் முழுக்க விரித்தார்கள். எல்லா மாவட்டங்களும் பைண்டிங்கின் கடைசி நாலு வரியை நகலெடுத்தன. அதில் எட்ஜ் என்று இருந்தது, அவர்களும் எட்ஜ் என்று போட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

காப்பு இப்போது சாது. என்றைக்காவது ஒருமுறை பத்து விநாடி இறுக்கிவிட்டு விட்டுவிடும். உடனே பெரிய அதிகாரிகள் எல்லோரும், கழற்ற முடியாது என்று தெரிந்தும், அதைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார்கள். பதவிக்கு ஒரு மணிக்கட்டு, மணிக்கட்டுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டார்கள். இணைச் செயலர்கள் வெள்ளியில் உறை போட்டார்கள். செயலர் தங்கத்தில் போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் கூட்டத்துக்கே வருவார்கள்.

மணிகள் சிவந்த இடங்கள்தான் வேடிக்கை. நீச்சல் குளம் வைத்த பங்களாக்களில் சிவந்தன. டென்னிஸ் கிளப்பில் சிவந்தன. ஒருவருக்கு காபி ஆறிப்போனது. ஒரு அம்மாளின் நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுகமாக இருந்து சட்டென்று சுகம் குறைந்தவர்களுக்குத்தானே அந்த டிங்? நலன் அலுவலர்கள் காபிக்கும் நாய்க்கும் ஓடினார்கள். ஏழாம் பிளாக்கிலும் அதைப் போன்ற ஆயிரம் பிளாக்குகளிலும் மணிகள் முதல் நாள் முதலே சிவப்பாக இருந்தன. சிவப்பு மாறாததால் யாருக்கும் தகவல் போகவில்லை. ஆண்டு விழாவில் கீழ்மாம்பேட்டுக்கு 'வாட்டமில்லாக் குடியிருப்பு' என்று கேடயம் கொடுத்தார்கள். எட்டு மாடி ஏறிக் கொடுக்க ஆளில்லாமல் கீழேயே கம்பியில் கட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கேடயத்தை வல்லி டிவியில் பார்த்தாள். ஏழு மாதமாக அக்கா வீட்டுக்குப் போகாமல் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு எட்டு மாடி ஏறினாள்.

அய்யாத்துரை ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காதுக்குப் பின்னால் மணி நல்ல சிவப்பில் இருந்தது.

"வா பிள்ள. வழி தெரிஞ்சுதா?" என்றார்.

"ஏட்டி, மூச்சு வாங்குதே, மொதல்ல தண்ணியக் குடி" என்று அக்கா செம்பை நீட்டினாள்.

வல்லி தண்ணீரை வாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். லெவல், எட்ஜ், கதவு மணி, அமைச்சரின் விரல், புதன்கிழமை, ஒரே ஒரு வார்த்தை. "லிஃப்ட் வராம போனதுக்கு நான்தான் அத்தான் காரணம். வேலை போயிரும்னு பயந்து பண்ணிட்டேன்" என்று சொல்லி அழுதாள்.

பேச்சிக்கனி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். அய்யாத்துரை கையைக் காட்டி வல்லியை நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறு. நான் கஷ்டப்படுதேன்னு கவர்மென்ட்டுக்குத் தெரியல. ஏன் தெரியல?"

"நீங்க... விடாம கஷ்டப்படுறதால அத்தான்."

"எடையில கொஞ்சம் நிறுத்தியிருந்தா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப தப்பு எம்மேலதான். லீவே போடாம கஷ்டப்பட்டிருக்கேன்!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு கட்டிலே குலுங்கியது. "லீவு போடலயாம்ல, பேச்சி!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து அக்கா பார்த்தே வருஷக்கணக்காகிறது. அவளும் சிரித்தாள். மணி மெல்ல நிறம் மாறிப் பச்சையானது. வல்லி மட்டும்தான் அதைக் கவனித்தாள்.

சிரித்து ஓய்ந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியே கீழே பார்த்தார். டீக்கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர் முகம் பழையபடி ஆனது. மணி சிவந்தது.

டிங்.

*

நாற்பதாவது நிமிடம் நலன் அலுவலர் கோபாலரத்தினம் வந்து சேர்ந்தார். ஐம்பத்தாறு வயது. எட்டு மாடி ஏறியதில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றார். பிறகு உட்கார்ந்து படிவத்தை விரித்தார்.

"வாட்டம் ஆரம்பிக்கறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி இருந்து, இப்ப இல்லாமப் போனது என்ன?"

"லிஃப்ட்டு" என்றாள் பேச்சிக்கனி.

"பத்து நிமிஷம் முன்னாடி லிஃப்ட்டு இருந்துதாம்மா?"

"ஒம்பது வருசமா இல்ல."

"அப்ப அதை எழுத முடியாது. பத்து நிமிஷத்துல காணாமப் போனது என்னன்னுதான் கேக்குது."

வல்லி தயங்கிச் சொன்னாள். "சிரிப்பு சார். சிரிச்சிட்டிருந்தாரு."

கோபாலரத்தினம் அதை எழுதிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. படிவத்தின் கட்டம் எவ்வளவோ அவ்வளவுதான் அவர். "அப்ப சிரிப்பை மீட்டுக் குடுக்கணும், அது என் டூட்டி. என்ன சொல்லி சிரிக்க வெச்சீங்களோ அதையே திரும்பச் சொல்லுங்கம்மா. பச்சையானதும் ஒரு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பறேன்."

அய்யாத்துரை அவரை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு வருகிற பார்வை இல்லை.

கோபாலரத்தினம் எழுந்தார். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. "ஐயோ" என்றார். அலுவலர்களுக்கும் காதுக்குப் பின்னால் மணி உண்டு. இரண்டு நிமிடம் முன்புவரை பச்சையாக இருந்த மணி, காலைப் பிடித்துக்கொண்டதும் குப்பென்று சிவந்தது. எங்கோ ஒரு இணைச் செயலரின் வெள்ளிக் காப்பு இறுகியது. அவர் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி. "ஏன்யா, லிஃப்ட் இல்லையா?"

இருபத்தைந்தே நிமிடத்தில் வேனில் மோட்டார் வந்தது. இரண்டு மெக்கானிக்குகள் வந்தார்கள். ஒன்பது வருஷமாக எருமை மாதிரி அசையாமல் கிடந்த லிஃப்ட் இருமிக்கொண்டே மேலே ஏறியது. கதவு திறந்தது. கோபாலரத்தினத்தை இரண்டு பேர் தாங்கி உள்ளே ஏற்றினார்கள். அவர் பின்னாலேயே, யாரையும் கேட்காமல், அய்யாத்துரையும் கம்பை ஊன்றி ஏறிவிட்டார்.

கீழே வந்ததும் அவர் உடனே நடக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் வெறுங்காலோடு நின்றார். ஆறு வருஷம். வல்லிக்குத் தாங்கவில்லை, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவரோ யாரையும் கவனிக்காமல் நேரே டீக்கடைக்குப் போய், "ஒரு டீ. கண்ணாடி கிளாஸ்ல போடுப்பா" என்றார்.

அதற்குள் பிளாக்கே திரண்டுவிட்டது. காய்கறிக் கூடைகள் ஏறின. கர்ப்பிணி ஒருத்தி ஏறினாள். சும்மா ஏறி இறங்கியவர்களும் உண்டு. தொண்ணூற்றாறு வீட்டிலும் மணிகள் பச்சையாகின. நாற்பது நிமிடம் அப்படிப் போனது. பிறகு மெக்கானிக்குகள் மேலே போய் மோட்டாரைக் கழற்றி வேனில் ஏற்றினார்கள்.

"எங்கப்பா எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டாள் பேச்சிக்கனி.

"ஆபீசர் எறங்கிட்டாருல்ல? வேலை முடிஞ்சுதும்மா. இது சர்க்கிள் ஆபீஸ் மோட்டாரு."

வேன் கிளம்பியது. பிறகு பச்சை மணிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. மொத்தம் தொண்ணூற்றாறு டிங்.

அமைச்சர் அப்போது பேத்தியின் காதுகுத்தில் இருந்தார். குழந்தை அழுவதற்கு முன்பே தாத்தா அலறிவிட்டார் என்று போட்டோக்காரர் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடியாகப் பதினாறு நிமிடம் விடாமல் இறுக்கியது. இந்தத் தடவை படிவத்தில் எழுதச் சரியான பதில் இருந்தது. நாற்பது நிமிடம் இருந்து இல்லாமல் போனது லிஃப்ட். சாயங்காலம் ஆறு மணிக்குப் புது மோட்டாரைக் கொண்டுவந்து சிமென்ட் வைத்துப் பூசிவிட்டுப் போனார்கள். அய்யாத்துரை அதுவரை டீக்கடையை விட்டு நகரவில்லை. மேலே போனவர் மறுநாள் காலை ஐந்தரைக்கே மறுபடி கீழே இருந்தார்.

*

எட்டு நாள் கழித்துச் செயலர் வல்லியைக் கூப்பிட்டார். இம்முறை காபி தயாராக இருந்தது. மேஜைமேல் ஒரு வரைபடம்.

"பிரச்சினை பெருசாயிடுச்சும்மா. ஏழாம் பிளாக் பச்சை. சந்தோஷம். ஆனா எதிர்ல எட்டாம் பிளாக், பக்கத்துல ஆறு, அப்புறம் ஒம்பது, எல்லா எடத்துலயும் எட்ஜ் வருது. அங்கெல்லாம் புதுசா எதுவுமே கெட்டுப் போகல. விசாரிச்சா, ஜன்னல் வழியா பாத்தாங்களாம். ஏழுக்கு லிஃப்ட் வந்துடுச்சு, நமக்கும் வந்துரும்னு ஒரு நாள் பூரா சந்தோஷமா இருந்திருக்காங்க. வரலன்னதும் டிங். இப்படியே பரவுனா நாப்பத்தோரு பிளாக்."

"நாப்பத்தோரு லிஃப்ட்டையும் சரி பண்ணிடலாமே சார்?"

செயலர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏழாம் பிளாக் மோட்டாரை எடுத்துட்டா என்ன ஆகும்? டெக்னிக்கலா சொல்லுங்க."

"தொண்ணூத்தாறு எட்ஜ் வரும் சார்."

"வரட்டும். பதினாறு நிமிஷம். பல்லைக் கடிச்சுக்கிறேன்னு மினிஸ்டரே சொல்லிட்டாரு. அதுக்கப்புறம்?"

"அப்புறம்... சிவப்பாவே இருக்கும். மாறாது. அதனால எட்ஜ் வராது."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமே வராது சார்."

"பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க. எதிர் பிளாக்குக்காரனுக்கும் பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. மக்களை வாட்டக் கூடாதும்மா, அதான் நம்ம திட்டமே. இதை அப்படியே ஒரு தொழில்நுட்பச் சான்றா எழுதிக் கொண்டாங்க. இன்னிக்கே மோட்டாரை எறக்கிடலாம்."

வல்லி தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். சான்றில் எழுத வேண்டிய ஒவ்வொரு வரியும் உண்மை. பொய் என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாது. அவளுடைய கோப்பிலிருந்து நேராக வந்த உண்மை அது. போன் அடித்தது. அய்யாத்துரை.

"ஏ பிள்ள, கோயம்பேட்டுக்கு இப்ப எந்த பஸ்ஸு போவுது? நம்பரெல்லாம் மாத்திட்டானுவளாம். பழைய கூட்டாளியளப் பாத்துட்டு வந்திரலாம்னு நிக்கேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தே வந்துட்டேன் பாத்துக்க."

"இன்னைக்கே போயிட்டு வந்திருங்க அத்தான்" என்றாள் வல்லி. போனை வைத்துவிட்டுச் சான்றை அடித்தாள். கூடவே இன்னொரு தாளையும் அடித்தாள்.

செயலர் சான்றை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். அடியில் இருந்த தாளின் தலைப்பை மட்டும் பார்த்தார். 'வன்பொருள் விவரப் பிழை திருத்தம்.' அந்தத் தலைப்பில் வருவதை யாரும் படிக்க வேண்டாம் என்று உத்தரவு போட்டவரே அவர்தான். கையெழுத்திட்டார்.

"இதென்ன, சின்ன விஷயமா?"

"ஒரே ஒரு வார்த்தை சார். முன்னாடி தப்பா எழுதிட்டேன்."

அவள் இருக்கைக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்தினாள். மாநிலத்தில் இருந்த எல்லா நகலிலும் எட்ஜ் போய் மறுபடி லெவல் வந்தது. பதினைந்து விநாடி கழித்து மாடிக்கு மாடி கூச்சல் கிளம்பியது. முதலில் இணைச் செயலர்கள் அறைகளில், அடுத்து நிதிப்பிரிவில், அடுத்து செயலர் அறையில். மாநிலத்தில் உள்ள அத்தனை வெள்ளிக் காப்பும் தங்கக் காப்பும் ஒரே நேரத்தில் இறுகின.

வல்லி போனபோது செயலர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாத்துங்கம்மா! உடனே மாத்துங்க!"

"மாத்திடறேன் சார்." தயாராக வைத்திருந்த தாளை மேஜையில் வைத்தாள். "கையெழுத்து போடுங்க."

செயலர் பேனாவை எடுத்தார். விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது. இடது கையால் கிறுக்கியதை வருடிப் பார்த்த கையெழுத்துச் சரிபார்ப்பு இயந்திரம், இது உங்கள் கையெழுத்து அல்ல என்று பணிவாகச் சொல்லியது.

"வேற யாராவது போடலாமா?"

"நீங்க மட்டும்தான் போடணும்னு ஆர்டர் இருக்கு சார்."

"உங்களை... உங்க கான்ட்ராக்டை இப்பவே..."

"ரத்து பண்ணலாம் சார். அதுக்கும் ஒரு கையெழுத்து வேணும்."

செயலர் நாற்காலியில் விழுந்தார். விரல்கள் ஏற்கெனவே ஊதத் தொடங்கியிருந்தன. கோபம், மிரட்டல், கெஞ்சல் எல்லாம் அவர் முகத்தில் வந்து போயின. கடைசியில், முப்பது வருஷப் பணியில் முதல்முறையாக, அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எனக்கு எந்த ஏரியாம்மா?"

"எட்டாம் பிளாக் சார்."

"எத்தனை வீடு?"

"தொண்ணூத்தாறு. எட்டாவது மாடியில ஒரு அம்மா இருக்காங்க, பக்கவாதம். அங்கேருந்து ஆரம்பிக்கலாம்."

செயலர் மோட்டார் சான்றை இடது கையால் கசக்கிக் குப்பையில் போட்டார். மணியை அடித்துக் காரை எடுக்கச் சொன்னார். கதவு வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"அங்க லிஃப்ட் இருக்கா?"

"இல்ல சார்" என்றாள் வல்லி. "படியிலதான் ஏறணும்."